பாட்டுக்கு ஒரு முகப்பு



மேலைநாட்டு இசைத்தட்டின் உறையைப் பற்றிப் பேச முற்படுகின்றோம். கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் இஃதென்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். ஒரு பாட்டுக்கு முகமும் பெயரும் வாய்ப்பது அவ்வுறையில்தான். ஆதலின் அது நம் சிந்தனைக்கு உரியதே.

தொடக்கத்தில் இசைத்தட்டுகள் பெரும்பாலும் ஓவியமற்ற தாளுறைகளிலேயே விற்கப்பட்டன. 1940ஆம் ஆண்டளவில், அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்னும் இளைஞர், உள்ளிருக்கும் இசையின் இயல்பை உறைமேல் ஓவியமாகத் தீட்டிக் காட்டினார். 1948இல் நெடுநேர இசைத்தட்டு வந்தது. அதன்பின் 12 அங்குலச் சதுர அட்டை ஓவியர்களுக்கு நல்லதொரு களமாயிற்று.

அக்களத்தில் பெரும்புகழ் பெற்றது, 1967இல் பீட்டில்ஸ் குழுவினர் வெளியிட்ட 'சார்ஜன்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்' என்னும் தொகுப்பின் உறை. பீட்டர் பிளேக், ஜான் ஹாவர்த் என்னும் ஆணும் பெண்ணுமாகிய இரு கலைஞர்கள் அதனை அமைத்தனர். ஆளுயர அட்டைப் படங்களும் மெழுகுப் பொம்மைகளுமாக ஐம்பதுக்கும் மேற்பட்டோர் அதில் நிற்கின்றனர். கார்ல் மார்க்சும், நடிகை மர்லின் மன்றோவும், குத்துச்சண்டை வீரர் சன்னி லிஸ்டனும் ஒரே கூட்டத்தில்! பின்னட்டையில் பாடல் வரிகள் முழுமையாக அச்சிடப்பட்டன. காதால் கேட்ட பாட்டு, கண்ணால் படிக்கும் நூலும் ஆயிற்று. கேட்போர் வெட்டியெடுத்து அணிந்து மகிழ, ஒட்டு மீசையும் சின்னங்களும் அச்சிட்ட அட்டையொன்றும் உள்ளே வைக்கப்பட்டது.

இன்னொரு செய்தியும் உண்டு. அக்கூட்டத்தில் காந்தியடிகளின் உருவமும் முதலில் இருந்தது. இந்தியாவில் மனக்குறை எழுமோ என்று அஞ்சிய ஈ.எம்.ஐ. நிறுவனத்தார் அதனை நீக்கச் செய்தனர். முகப்பில் யார் நிற்பது என்பதை முடிவு செய்பவர் யார்? மாணவர்கள் இவ்வினாவை மறத்தலாகாது.

நம் முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் தாம் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்றே பெயர் சூட்டினார். பிறர் இழித்துரைத்த சொல், அவர் கையில் இதழின் தலைப்பாக நிமிர்ந்து நின்றது.

ஆனால் நம் தாய்மார் பாடிய தாலாட்டுக்கும், நடவுப் பாட்டுக்கும், ஒப்பாரிக்கும் உறை ஏது? நாம் அவற்றை 'நாட்டுப்புறப் பாடல்' என்று பொதுப்பெயரால் சுட்டுகின்றோம். பாடியவர் பெயர் மறைந்துபோகின்றது.

ஆகவே, பள்ளி மாணவர்க்கு ஒரு செயல்திட்டத்தை முன்வைக்கின்றோம். தத்தம் தெருவில் பாடவல்ல முதியோர் ஒருவரை அணுகுக. அவர் இசைவு பெற்று மூன்று பாடல்களைக் கைப்பேசியில் பதிவு செய்க. 12 அங்குலச் சதுர அட்டை இரண்டை ஒட்டி உறை செய்க. முன்னட்டையில் எந்தப் படம் வேண்டும் என்பதைப் பாடியவரே சொல்லட்டும். பின்னட்டையில் பாடல் வரிகளை அவர் உச்சரித்தவாறே, திருத்தாமல் எழுதுக. அவருடைய பெயர், ஊர், தொழில், அப்பாடலை அவருக்குக் கற்பித்தவர் பெயர் ஆகியவற்றைத் தவறாது பொறித்திடுக.

ஓவியமும், மொழியும், அளவைக் கணக்கும், வரலாறும் இவ்வொரு வேலையில் ஒன்றுசேரும். செலவோ சிறிது. அவ்வுறைகள் நம் சங்கப் படிப்பகத்தில் வரிசையாக நிற்கும் நாளில், பெயரின்றிப் பாடியவர்கள் பெயரோடு வாழ்வார்கள்.