பள்ளத்தாக்கு மரமும் குளத்துப் பூவும்



ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்துக்கு வடமேற்கே, வொல்லெமை என்னும் பெருவனத்தினுள்ளே, செங்குத்தான பாறைச்சுவர்களுக்கு இடையில் ஒடுங்கிக் கிடக்கும் ஒரு பள்ளத்தாக்கில் 1994-ஆம் ஆண்டு இறங்கிய டேவிட் நோபிள் என்ற வனப் பணியாளர், அதுகாறும் எந்தத் தாவர சாஸ்திரியும் உயிரோடு கண்டறியாத ஒரு விருட்சத்தின் அடியில் வந்து நின்றார். நம்மூர்த் தோட்டங்களில் கிறிஸ்துமஸ் மரம் என்று வளர்க்கிறோமே, அந்த அரோகேரியாவின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. பூவாது, கூம்பு கூம்பாய்க் காய்ப்பது. 40 மீட்டர் வரை ஓங்குவது. அதன் பட்டையோ, கொதித்துக்கொண்டிருந்த வெல்லப்பாகு குமிழி விட்டபடியே உறைந்துபோனாற்போல் இருக்கிறது. இதன் மகரந்தத்தை ஒத்த தூள் சுமார் ஒன்பது கோடி ஆண்டுப் பழமையான பாறைகளிலும் பதிந்திருக்க, இன்று கானகத்தில் எஞ்சியுள்ள வளர்ந்த மரங்கள் நூற்றுக்கும் குறைவே.

இனி, நம் குளக்கரைக்கு வருவோம். வெங்காயத்தாமரை அமேசான் நதிப் பிரதேசத்தில் பிறந்தது. உப்பிய அதன் காம்பைப் பிளந்து பாருங்கள். நுண்ணிய காற்றறைகள் நெருங்கிப் பஞ்சுபோல் இருக்கும். செடி மிதப்பது அதனால்தான். ஊதாப் பூவின் மேலிதழில் நீலத்தின் நடுவே ஒரு மஞ்சள் பொட்டு, மயிற்பீலிக் கண்ணைப்போல. அந்த அழகில் மயங்கிய மனிதர்களே அதைக் கண்டந்தோறும் கொண்டுசென்று நீரில் விட்டார்கள்.

ஒன்று அபூர்வம், மற்றொன்று உபத்திரவம் என்று பிரித்துவிடுவது எளிது. ஆயினும் என்னை வியக்கவைப்பது இவற்றின் ஒற்றுமையே. அந்த மரம் தன் அடியிலிருந்தே புதுத் தண்டுகளைக் கிளப்பித் தன்னையே புதுப்பித்துக்கொள்கிறது. மரத்துக்கு மரம் பரம்பரைக் குணத்தில் வேற்றுமை காண்பதே அரிது. வெங்காயத்தாமரையும் ஓடுதண்டால் தன்னையே பெருக்குகிறது. அயல்நாடுகளில் அது மூடிக்கிடக்கும் நீர்நிலைகளிற் பெரும்பாலானவற்றில் இருப்பது ஒரே செடியின் நகல்தான். இதற்கு வெள்ளம் வழிவிட்டது. அதற்குப் பாறை வழிமறித்தது.

அந்தப் பள்ளத்தாக்கு எங்கே என்பதை இன்றும் ரகசியமாகவே காக்கிறார்கள். வருபவர் காலணி மண்ணோடு வேரழுகல் நோய் புகுந்துவிடும் என்ற அச்சம் அவர்களுக்கு. 2019-20 காட்டுத்தீயின்போது ஹெலிகாப்டரிலிருந்து தீயணைப்பாளர்களை இறக்கி, நீர்க்குழாய் அமைத்து, அந்தத் தோப்பை மீட்டார்கள். கானகத்துக்கு ஆள்வரத்து குறையட்டும் என்று, கிளைத்துண்டுகளை வேர்பிடிக்கவைத்து வளர்த்த கன்றுகளை விற்கவும் தலைப்பட்டார்கள். அவை கடல் கடந்து போய், இன்று பல தேசத்துத் தோட்டங்களில் தொட்டிகளிலே துளிர்விட்டுக்கொண்டிருக்கின்றன.