நம் குரலை அவையில் யார் ஒலிப்பது?

 

1909-ஆம் ஆண்டுச் சட்டம் முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதிகளை அளித்தது. அவற்றின் உறுப்பினர்களை முஸ்லிம்கள் மட்டுமே தேர்ந்தெடுத்தனர். இட ஒதுக்கீடு வேறு; அதில் வேட்பாளர் மட்டுமே ஒரு சமூகத்தவர், வாக்களிப்போர் ஊரார் அனைவரும். நம்மில் பலர் இவ்விரண்டையும் ஒன்றெனவே எண்ணுகின்றனர்.

1949 மே மாதம் அரசியல் நிர்ணய சபையில் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் அவர்கள், தனி வாக்காளர் தொகுதியே வேண்டுமென வாதிட்டார்கள். பிறர் வாக்கால் வெல்பவர் தம் சமுதாயத்தின் குறையைத் துணிந்து உரைப்பாரா என்பதே அதன் பின்னிருந்த கவலை. பேகம் அய்ஸாஸ் ரசூல் அம்மையாரோ, ஒதுக்கீடே சிறுபான்மையினரைப் பெரும்பான்மையினரிடமிருந்து என்றென்றும் பிரித்துவிடும் என்றார். இருவரும் முஸ்லிம் லீகின் சார்பில் அவைக்கு வந்தவர்களே! அவை, சமயச் சிறுபான்மையினருக்கான ஒதுக்கீட்டைக் கைவிட்டது. தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் அது நிலைத்தது. 2008-ஆம் ஆண்டுத் தொகுதிச் சீரமைப்பின்படி மக்களவையின் 543 இடங்களில் முறையே 84, 47 இடங்கள் அவர்களுக்குரியவை.

கோரிக்கை தோற்றதென்று காயிதே மில்லத் அவர்கள் ஒதுங்கிவிடவில்லை. 1962, 1967, 1971 தேர்தல்களில் மஞ்சேரிப் பொதுத்தொகுதியில் வென்றார்கள். ஆங்கே முஸ்லிம்கள் மிகுதி என்பதையும் மறைப்பதற்கில்லை.

நாம் குறைவாக வாழும் தொகுதிகளில் நம் உறுப்பினர் பெரும்பாலும் பிற சமயத்தவராகவே இருப்பார். ஆயினும் நம் குறைகளைச் சபையில் எடுத்துரைக்கும் பொறுப்பு அவருக்குண்டு. வாக்காளர் பட்டியலில் பெயரே இல்லாதோரை அவர் ஏன் பொருட்படுத்துவார்? 18 வயது நிரம்பியும் பெயர் சேர்க்காத பிள்ளைகள், குறிப்பாகப் பெண்மக்கள், நம் மஹல்லாவில் எத்தனை பேர்? பெயர் சேர்க்க உரிய படிவம் 6. ஜும்ஆ முடிந்ததும் அதனை நிரப்பித் தர நம் இளைஞர்கள் பள்ளிவாசல் அலுவலகத்தில் காத்திருப்பர்.