செங்கீரைக்கு முன்னும் பின்னும்



பிள்ளைத்தமிழ் பற்றிப் பேச வருகிறவர்கள் அதன் சந்தத்தைப் பற்றியோ பாட்டுடைத் தலைவரைப் பற்றியோ பேசுவது வழக்கம். நான் இன்று அந்தப் பருவங்களைத் துணையாக வைத்துக்கொண்டு ஒரு வீட்டுக் கேள்விக்கு விடை தேடப் போகிறேன். கைக்குழந்தையை எப்படிக் கட்டித் தூக்கிச் செல்வது?

கேள்வி சிறிதாகத் தோன்றலாம். ஆனால் திருகோணமலையில், கப்பல்துறை போன்ற ஊர்களிலிருந்து கிளினிக்குக்கும் சந்தைக்கும் போகிற தாய்மாருக்கு அது அன்றாடக் கேள்வி. தோளில் மாட்டும் பிள்ளைப் பைகள் இப்போது கடைகளில் தொங்குகின்றன. வெளிநாட்டு உறவினரும் அனுப்பி வைக்கிறார்கள். மார்பில் கட்டுவதா, முதுகிலா, இடுப்பிலா? பிள்ளை நம்மைப் பார்க்க வேண்டுமா, தெருவைப் பார்க்க வேண்டுமா? பையோடு வந்த தாள் ஆங்கிலத்தில் இருக்கிறது. வீட்டு ஆச்சியோ, "ஒரு பழஞ்சேலை போதாதா?" என்கிறார்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் பாடினார். பிள்ளையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாகப் பார்க்கும் வழக்கம் அதற்கும் முற்பட்டது. முதலில் காப்பு. ஐந்தாம் மாதத்தில் செங்கீரை; இரு கைகளையும் நிலத்தில் ஊன்றி, தலையை நிமிர்த்திப் பிள்ளை ஆடுகிற பருவம். ஒன்பதாம் மாதத்தில் சப்பாணி. உட்கார்ந்து கைகொட்டுகிற பருவம். ஓராண்டை ஒட்டி வருகை. ஒன்றரை ஆண்டளவில் அம்புலி. மாதக் கணக்கு நூலுக்கு நூல் சற்று வேறுபடும். ஆனால் தலை நிற்பது முதலில், இடுப்பு நிற்பது அடுத்து, கால் நிற்பது அதன்பின் என்ற வரிசையில் மாற்றமில்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு செய்தியைக் கேளுங்கள். 2010 மார்ச்சில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் தூளி போன்ற பிள்ளைப் பைகள் பற்றி ஓர் எச்சரிக்கை விடுத்தது. அதற்கு முந்திய இருபது ஆண்டுகளில் அப்படிப்பட்ட பைகளோடு தொடர்புடைய 14 சாவுகளை அது கண்டறிந்திருந்தது. அவர்களில் 12 பேர் நான்கு மாதம் நிறையாத சிசுக்கள். செங்கீரைப் பருவத்தை எட்டாதவர்கள்.

காரணம் விளங்கக் கூடியதே. தளர்ந்த பைக்குள் சிசு வில்லாக வளைந்து கிடக்கும்போது நாடி நெஞ்சில் அழுந்துகிறது, மூச்சுக்குழல் நெரிகிறது. அல்லது துணி மூக்கை மூடுகிறது. தலையைத் திருப்ப அதற்குப் பலமில்லை. மூச்சு முட்டும் பிள்ளை அழுவதுமில்லை. தூங்குகிறது என்று தாய் நினைத்துக்கொள்வாள்.

ஆகவே தலை நிற்கும்வரை மார்பே இடம். பிள்ளை நிமிர்ந்த நிலையில், முகம் நம் பக்கமாக, குனிந்தால் உச்சியில் முத்தமிடக்கூடிய உயரத்தில் இருக்க வேண்டும். நாடிக்கும் நெஞ்சுக்கும் இடையே ஒரு விரலாவது நுழைய வேண்டும். துணி தளராமல் முதுகைத் தாங்க வேண்டும். முகம் எப்போதும் கண்ணில் பட வேண்டும். வெயிலுக்காகத் துவாயால் முகத்தை மூடுவது கூடாது. துறைமுகத்தை அறிந்த நம்மவருக்குப் பொதி அசையாமல் கட்டப்பட வேண்டும் என்பது தெரியும். ஆனால் பொதிக்கு மூச்சு இல்லை. பிள்ளைக்கு இரண்டும் வேண்டும்: இறுக்கமும் காற்றும். குறைமாதப் பிள்ளையானால் வைத்தியரைக் கேளாமல் எதிலும் கட்டக் கூடாது.

சப்பாணி வந்ததும் இடுப்பு வந்துவிடுகிறது. பழந்தமிழில் ஒக்கலை என்று அதற்குப் பெயர். இடுப்பில் அமரும் பிள்ளையின் தொடைகள் தவளைக் கால்போல் விரிந்து, முழங்கால்கள் பிட்டத்தைவிடச் சற்று உயர்ந்து நிற்கின்றன. இடுப்பு மூட்டு நன்றாகப் பொருந்தி வளர உகந்த நிலை அதுதான் என்கிறார்கள் எலும்பு வைத்தியர்கள். ஜப்பானில் சிசுவின் கால்களை நீட்டிச் சுற்றிக் கட்டும் பழக்கத்தைக் கைவிடச் சொல்லி 1975 அளவில் ஓர் இயக்கம் நடந்தது. இடுப்பு மூட்டு விலகல் அங்கே வெகுவாகக் குறைந்தது. கடையில் பை வாங்குகிறவர்கள் இதைப் பார்த்து வாங்கலாம். கால் தொங்கும் பையைவிட, தொடையை முழங்கால்வரை தாங்கும் பை நல்லது.

பையா, சேலையா என்ற வழக்கில் எனக்குப் பக்கச்சார்பு இல்லை. மேல்நாட்டுப் பைகளில் பெயர்பெற்ற 'ஸ்னக்லி'யை உருவாக்கிய ஆன் மூர், 1960களில் டோகோ நாட்டில் பணியாற்றியபோது, ஆபிரிக்கத் தாய்மார் பிள்ளையைத் துணியால் முதுகில் கட்டுவதைக் கண்டே அதைச் செய்தார். நாம் காசு கொடுத்து வாங்குவது ஒரு தாயின் துணியைத்தான். நமது வெக்கைக்கு மெல்லிய பருத்தித் துணி ஏற்றது. ஆனால் வளையில் கட்டும் ஏணையின் குழிவை அப்படியே உடம்பில் கட்டிக்கொள்ளக் கூடாது. முதுகில் கட்டுவதானால் பிள்ளை நன்றாக நிமிர்ந்து உட்காரும் வரை பொறுத்திருக்க வேண்டும்.

பிள்ளையின் பருவத்தோடு போகிற வழியையும் பார்க்க வேண்டும். இந்தப் பைகள் மோட்டார் சைக்கிளுக்கென்று செய்யப்பட்டவை அல்ல. தோணியிலும் பாதையிலும் ஏறும்போது கட்டை அவிழ்த்துப் பிள்ளையைக் கையில் ஏந்த வேண்டும். 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்ததை நாம் மறக்கவில்லை. தண்ணீருக்குள் முடிச்சவிழ்க்க நேரமிராது. ஆனால் நெடுவழியில் அதே கட்டுத்தான் துணை. 2006 ஓகஸ்டில் மூதூரில் சண்டை மூண்டபோது ஆயிரக்கணக்கானோர் கந்தளாய் நோக்கி நடந்தார்கள். அப்படியொரு நடையில், உடம்போடு கட்டிய பிள்ளை தாய்க்கு இரண்டு கைகளைத் திருப்பித் தருகிறது. மூத்த பிள்ளையைப் பிடிக்க ஒன்று, தண்ணீர்ப் போத்தலுக்கு ஒன்று.

தாய் என்றே சொல்லி வந்தேன். மாமல்லபுரத்துக் கிருஷ்ண மண்டபச் சிற்பத்தில் ஓர் ஆயன் பிள்ளையைத் தோளில் சுமந்து நிற்கிறான். கல்லில் செதுக்கிய அந்தப் பழக்கம் தந்தையருக்கு நினைவிருக்கட்டும். அம்புலி காட்டத் தோளைவிட உயரமான இடம் வீட்டில் எது?

வருகைப் பருவத்தில் தாய் பிள்ளையைத் தூக்கவில்லை. தள்ளி நின்று வா என்று அழைக்கிறாள். அதுவரை, ஒவ்வொரு முறையும் முடிச்சுப் போடுமுன் பிள்ளையின் கழுத்தைப் பாருங்கள். செங்கீரை ஆடிவிட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.