சர்க்கரை இறங்கிய அற்புதம்
(குமராட்சிக் கூட்டத்தில் பேசியதின் சாரம்)



சாமியைப் பற்றியும் சாதியைப் பற்றியும் பேசுவோம் என்று எண்ணி வந்திருப்பீர்கள். நாம் இன்று பேச வந்ததோ மூத்திரத்தைப் பற்றி. சிரிக்க வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2023ல் வெளியிட்ட கணக்குப்படி இந்நாட்டில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் சுமார் 10 கோடிப் பேர். இக்கூட்டத்திலும் பலர் இருக்கக்கூடும்.

நமக்குத் தெரிந்த குடியானவர் ஒருவர். கொள்ளிடக் கரையில் ஊர். பன்னிரண்டு வருஷமாய்ச் சர்க்கரை வியாதி. இன்சுலின் ஊசி போட்டுக் கொண்டிருந்தார். ஒரு கோயிலுக்கு வேண்டிக்கொண்டு, யாரோ ஒரு சாமியார் கொடுத்த பொடியையும் தின்று வந்தார. சில மாதத்தில் சர்க்கரை தானாகவே இறங்கிற்று. ஊசியைக் குறைத்தார், பிறகு நிறுத்தினார். ஊரெல்லாம் அற்புதம் என்றார்கள். மொட்டை போட்டுக் கிடா வெட்டி விருந்தும் வைத்தார். அடுத்த அறுப்புக்குள் கால் வீங்கி, மூச்சு வாங்கி, சிதம்பரத்துக்குத் தூக்கிப் போனார்கள். அங்கு சோதித்ததில் இரண்டு சிறுநீரகமும் கெட்டிருப்பது தெரிந்தது.

அப்படியானால் சர்க்கரை இறங்கியது எப்படி? கிராமத்தில் குண்டிக்காய் என்கிறோமே, அந்தச் சிறுநீரகந்தான் உடம்பிலுள்ள இன்சுலினில் ஒரு பங்கைச் சிதைத்து வெளியேற்றுகிறது. அது கெட்டுவிட்டால் இன்சுலின் ரத்தத்தில் அதிக நேரம் தங்குகிறது. பசியும் மந்தமாகிறது. ஆகவே சர்க்கரை இறங்குகிறது. எது ஆபத்தின் அறிகுறியோ, அதற்கே கிடா வெட்டிக் கொண்டாடினார்கள்! உணவைக் குறைத்து, நடந்து, மருந்து சாப்பிட்டுச் சர்க்கரை இறங்கினால் அது நல்லதே. காரணமில்லாமல் இறங்கினால் கோயிலுக்குப் போகுமுன் வைத்தியரிடம் போக வேண்டாமா?

"வலியே இல்லையே" என்று சிலர் கேட்பார்கள். இந்த வியாதியின் வஞ்சகமே அதுதான். கால் வீங்கும்போது காலம் கடந்திருக்கும். 1827ல் ரிச்சர்டு பிரைட் என்ற ஆங்கில வைத்தியர் நோயாளியின் மூத்திரத்தைக் கரண்டியில் ஊற்றி மெழுகுவத்தியில் காய்ச்சினார். முட்டை வெள்ளைக்கரு போல் திரிந்தது. ரத்தத்தில் நிற்க வேண்டிய ஆல்புமின் என்னும் புரதம், கெட்ட சிறுநீரகத்தின் வழியே ஒழுகுகிறது என்று அறிந்தார். ஜாதகம் பார்த்து அறியவில்லை.

இன்று கரண்டிகூட வேண்டாம். சோதனை இரண்டே. ஒன்று, மூத்திரத்தில் ஆல்புமின் எவ்வளவு என்பது. ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் அது எச்சரிக்கை. காய்ச்சலிலும் ஏறுமாதலால், சில மாதத்துக்குள் மறுபடி பார்த்தே தீர்மானிப்பார்கள். மற்றொன்று, ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்து, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று கணக்கிடுவது. அது மூன்று மாதத்துக்கு மேலும் 60க்குக் கீழாகவே இருந்தால் பழுது என்று அர்த்தம். பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை வியாதியில், வியாதி தெரிந்த அன்றே இவ்விரண்டையும் பார்த்து, பிறகு வருஷா வருஷம் பார்க்க வேண்டும். ஆரம்பத்தில் பிடித்தால் ரத்தக் கொதிப்பை அடக்கவும், ஒழுக்கைக் குறைக்கவும் மாத்திரைகள் உண்டு.

நிற்க. நடவு முடிந்து முதுகு வலிக்கிறதென்று கடையில் வலி மாத்திரை வாங்கித் தினம் விழுங்குகிறீர்களே, அவற்றில் பல சிறுநீரகத்துக்குப் பகை. சாமியார் பொடியில் என்ன உலோகம் இருக்கிறதென்பது அவருக்கே தெரியாது.

2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது, சந்தோஷமே. மாத்திரைதான் வந்துவிட்டதே என்று சோதனையை மறந்துவிடுகிறவர்கள், சிறுநீரகம் செத்தவர்கள் வயிற்றின் வழியே ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ளும் பைகளும் அதே திட்டத்தில்தான் வீடு தேடி வருகின்றன என்பதை அறிய வேண்டும்.

"மூத்திரத்தைச் சீசாவில் எடுத்துக்கொண்டு தெருவில் போவது அசிங்கமல்லவா?" என்று ஒரு பெரியவர் இப்போது கேட்டார். ஐயா, பசுவின் மூத்திரத்தைப் பஞ்சகவ்வியம் என்று கொடுத்தால் கையேந்திக் குடிக்கிறோம். நம்முடையதைச் சோதிக்கக் கொடுப்பதுதானா அசிங்கம்? காலையில் முதலில் விடுவதே சோதனைக்கு நல்லது. சின்னச் சீசா போதும்.