கஜானாவின் பூட்டும் கூலியில்லா வேலையும்



அமெரிக்க சர்க்கார் ஊழியர் ஒரு டாலர் செலவழிக்கும் முன் மூன்று கேள்வி கேட்டாக வேண்டும். எந்தக் காரியத்துக்கு ஒதுக்கிய பணம்? எந்த ஆண்டுக்கு? எவ்வளவு? காங்கிரஸ் சபை (நம் ஊர்க் கட்சியல்ல, அந்நாட்டுப் பார்லிமெண்ட்) சட்டம் செய்து ஒதுக்காமல் கஜானாவைத் தொடக் கூடாது என்பது அவர்களுடைய அரசியல் சட்டம். இதை நாம் குறை கூறவில்லை. ஜனங்களின் வரிப்பணத்துக்குப் பூட்டு வேண்டியதுதான்.

1884-ல் பிறந்த ஒரு சட்டத்தின்படி, தெரிந்தே ஒதுக்கீட்டை மீறினால் 5,000 டாலர் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை. கூலியில்லாமல் வேலை வாங்கவும் கூடாது என்கிறது அதே சட்டம். ஓசியில் வேலை வாங்கிவிட்டு, பிறகு கூலி பாக்கி என்று சபையின் கழுத்தைப் பிடிப்பார்கள் என்ற பயம்!

ஆனால் ஒரு விலக்கு உண்டு: உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்தென்றால் வேலை வாங்கலாம். 2018 டிசம்பரில் எல்லைச் சுவர்ப் பணத்துக்காக ஜனாதிபதி டிரம்ப்பும் சபையும் மோதினர். 35 நாள் ஒதுக்கீடில்லை. சுமார் 8 லட்சம் ஊழியருக்குச் சம்பளமில்லை; பாதிக்கு மேற்பட்டோர் சம்பளமின்றியே உழைத்தனர். 2019 ஜனவரி 25-ல் விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவோர் சிலர் வேலைக்கு வரவில்லை. நியூயார்க்கில் விமானங்கள் தடைப்பட்டன. அன்றே தகராறு முடிந்தது!

ஊழியருக்குப் பாக்கிச் சம்பளம் உண்டென்று அம்மாதமே சட்டம் வந்தது. அதே ஆபீஸ்களைப் பெருக்கும் காண்டிராக்ட் தொழிலாளர்க்கு அதில் இடமில்லை. 2025 அக்டோபர் 1 முதல் 43 நாள் மறுபடி பூட்டியபோதும் அச்சட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை.