முதியோர் கண்களும் நம் வீட்டு விளக்குகளும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி 1962ஆம் ஆண்டு முதல் மின்சாரமாகி வருகின்றது. அதன் அருகில் வாழும் நமது இல்லங்களில் முதியோர் இன்னும் அரையிருளில் அமர்ந்திருக்கின்றனர் என்றால் வியப்படைவீர்கள்.

என் தந்தையார் எழுபது வயதைக் கடந்தபின், சுபுஹுக்கும் இஷாவுக்கும் பள்ளிக்கு வருவதைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டார். முழங்கால் வலி என்றே எண்ணியிருந்தோம். ஒருநாள் அவரே கூறினார்: "நம் வாசற்படி எங்கே முடிகிறது என்று தெரியவில்லை, தம்பி." எங்கள் கண்களுக்கோ அங்கு வெளிச்சம் போதுமானதாகவே இருந்தது. எங்கள் கண்களைக்கொண்டு அவருடைய தேவையை அளந்ததே நாங்கள் செய்த பிழை.

பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் புகுவதாலேயே பார்வை உண்டாகின்றது என்பதை, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பஸராவில் பிறந்த இப்னு ஹைஸம் தமது 'கிதாபுல் மனாழிர்' நூலில் விளக்கினார். முதுமையில் அவ்வாறு புகும் ஒளியே குறைகின்றது. கண்ணின் பாவை சுருங்கி, இருளிலும் முன்போல் விரிவதில்லை. உள்ளிருக்கும் வில்லை தடித்து மஞ்சளடைகின்றது. ஆதலால் அறுபது வயதினரின் விழித்திரையை அடையும் ஒளி, இருபது வயதினருக்குக் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே.

எனினும், வெளிச்சத்தைக் கூட்டினால் மட்டும் போதாது. முதிர்ந்த வில்லையில் ஒளி சிதறுவதால், கண்ணெதிரே தொங்கும் மூடியற்ற பல்பு கூச்சத்தையே தரும். வெளிச்சத்திலிருந்து இருளுக்கு வந்தால் கண் பழகுவதற்கும் நெடுநேரமாகும். ஆகவே, ஓதுவதற்கும் படிப்பதற்கும் மறைப்புள்ள விளக்கைப் பக்கவாட்டில், புத்தகத்திற்கு அருகில் வையுங்கள். சிறிய விளக்கின் தூரத்தைப் பாதியாக்கினால் வெளிச்சம் ஏறக்குறைய நான்கு மடங்காகும், மின்கட்டணம் உயராது. படுக்கையிலிருந்து கழிவறை வரை இரவு விளக்கு எரியட்டும். படிகளின் விளிம்பில் வேறு நிறக் கோடு தீட்டுங்கள். நமது பள்ளியிலும் ஒளுச் செய்யுமிடம், வாசற்படி ஆகியவற்றை இக்கண்கொண்டு பார்க்குமாறு நிர்வாகத்தினரைக் கேட்டுக்கொள்கின்றேன்.

மங்கலான பார்வையெல்லாம் முதுமையே என்று இருந்துவிடாதீர்கள். கண்புரையை அறுவை சிகிச்சையால் நீக்கலாம். கண்ணீர் அழுத்த நோயில் இழந்த பார்வையோ மீளாது; முன்கூட்டிக் கண்டறிவதே காப்பு. நீரிழிவு உள்ளோர் ஆண்டுதோறும் விழித்திரையைப் பரிசோதித்தல் அவசியம். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் கிளை, 2003 முதல் புதுச்சேரி தவளக்குப்பத்தில் இயங்குகின்றது. நம் ஊரிலிருந்து சென்றுவர அது எட்டாத தொலைவன்று.

என் தந்தையாருக்குக் கண்புரை நீக்கினோம். வாசலில் மறைப்புள்ள விளக்கும், படியில் வெள்ளைக் கோடும் அமைத்தோம். அவர் மீண்டும் சுபுஹுக்கு வரத் தொடங்கினார்.

சகோதரர்களே! இன்றிரவு வீட்டிற்குச் சென்றதும் உங்கள் பெற்றோரிடம், "எந்த இடத்தில் உங்களுக்குக் கண் தெரியவில்லை?" என்று கேளுங்கள். அவர்களாகச் சொல்லமாட்டார்கள், நாம்தான் கேட்கவேண்டும்.

வஸ்ஸலாம்.