தேனீக்கள் எங்கே போயின?

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றிய உரை)



நம் தோட்டத்தில் பூசணி பூக்கிறது. பூத்தும், பிஞ்சு பருக்காமல் மஞ்சளித்து உதிர்ந்துவிடுகிறது. உரம் போதவில்லை என்று எண்ணி மேலும் உரம் இடுகிறோம். பூசணியிலும் சுரையிலும் பாகலிலும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. இடையே மகரந்தத்தைச் சுமந்து செல்ல ஒரு பூச்சி வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம். சூரியகாந்தியிலும் தேனீ வரத்துக் குறைந்தால் விதை நிரம்பாமல் பதர் மிகும். ஆகவே, தேனீயைப் பற்றிய பேச்சு தேன் விற்பவருக்கு மட்டுமே உரியதென்று யாரும் எழுந்து போய்விட வேண்டா.

2006ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க நாட்டுத் தேனீ வளர்ப்போர் ஒரு புதுமையைக் கண்டனர். பெட்டியைத் திறந்தால் ராணி இருந்தது, புழுக்கள் இருந்தன, தேனும் இருந்தது. வேலைக்காரத் தேனீக்களை மட்டும் காணோம். பெட்டியின் முன்னே அவை செத்துக் கிடக்கவும் இல்லை. விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் ஆராய்ந்தும் இவர்தாம் குற்றவாளி என்று ஒருவரைச் சுட்டிக்காட்ட இயலவில்லை. வரோவா என்னும் உண்ணி, அது பரப்பும் வைரஸ் நோய்கள், பயிர் மருந்துகள், ஒரே வகைப் பூவை உண்பதால் வரும் சத்துக் குறைவு, பாதாம் தோட்டங்களுக்காக நெடுந்தூரம் லாரியில் ஏற்றிச் செல்வதால் வரும் நலிவு ஆகிய இவை யாவும் சேர்ந்து செய்த வேலை என்றே பெரும்பாலோர் கருதுகின்றனர்.

நம் ஊர்களிலோ, கைபேசிக் கோபுரம்தான் காரணம் என்று தேநீர்க் கடையிலேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்! அதற்குப் போதிய சான்று இன்றுவரை கிடைக்கவில்லை. கோபுரத்தின்மீது பழியைப் போட்டுவிட்டால், நம் கையிலுள்ள மருந்துத் தெளிப்பானைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள் அன்றோ?

அமெரிக்கக் கதையை அப்படியே நம் பெட்டிக்குப் பொருத்துவதும் பிழையே. நம் இந்தியத் தேனீ வரோவா உண்ணியோடு நெடுங்காலமாகப் பழகியது. அதனைத் தட்டி அகற்றும் வழக்கமும் அதற்கு உண்டு. நமக்கு நேர்ந்த பேரிழப்பு வேறு வகையானது.

மார்த்தாண்டத்தின் பெயரை அறியாத தேனீ வளர்ப்போர் இரார். அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த அவ்வூரில், 1920களில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச், ஏழைக் குடியானவருக்கு உகந்த துணைத்தொழிலாகத் தேனீ வளர்ப்பைப் பரப்பினார். ரப்பர் தோட்டங்கள் பெருகியபின் தொழில் மேலும் செழித்தது. ரப்பர்த் தேனுள் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதன்று. தளிரிலையின் காம்பில் சுரக்கும் இனிப்பு நீரே அது.

1991, 1992ஆம் ஆண்டுகளில் இத்தொழிலின் மீது இடி விழுந்தது. புழுக்கள் கூட்டுப்புழுவாக மாறாமலே அறைக்குள் மடிந்தன. கேரளம், கருநாடகம், தமிழகம் ஆகிய மூன்று மாநிலங்களிலும் இந்தியத் தேனீக் குடும்பங்களுள் மிகப் பெரும்பகுதி அழிந்தது. அடுக்கி வைத்த வெறும் பெட்டிகள் அடுப்புக்கு விறகாயின. நோயின் பெயர் ‘தாய் சாக்புரூட்’. 1976இல் தாய்லாந்தில் முதலில் கண்டறியப்பட்ட வைரஸ் நோய். மனிதருக்கோ தேனுக்கோ இதனால் தீங்கில்லை. ஆனால் இதற்கு மருந்தும் இல்லை.

இங்கு நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. கிருமிக்கு இறக்கை இல்லை. நாமும் அதற்கு இறக்கையாக இருந்தோம். நோயுற்ற குடும்பத்தின் அடையை நலிந்த வேறொரு பெட்டியில் வைத்தோம். தேன் பருவத்தில் பெட்டிகளை ஊர்விட்டு ஊர் ஏற்றிச் சென்றோம். வலிமை குன்றிய பெட்டியிலிருந்து மற்றத் தேனீக்கள் தேனைத் திருடிச் செல்லப் பார்த்திருந்தோம். பின்னர்த் தொழில் மீண்டதும், பெரிதும் நோயைத் தாங்கி எஞ்சிய சில குடும்பங்களைப் பிரித்துப் பெருக்கியதால்தான். ராணியைச் சில நாள் சிறு கூண்டில் அடைத்து முட்டையிடுவதை நிறுத்தி வைப்பதும் பயன் தந்தது. புழு இல்லையேல் கிருமிக்கு இரை இல்லை.

ஆதலால் தேனீ குறைந்தால் காரணத்தை வானத்தில் தேடுமுன் பெட்டியைத் திறந்து பார்ப்போமாக. வாயிலின் முன்னே வளர்ந்த தேனீக்கள் குவியலாக, சில நாக்கை நீட்டியபடி, மடிந்து கிடந்தால் அக்கம்பக்கத்தில் நஞ்சு தெளிக்கப்பட்டிருக்கலாம் என்று ஐயுற வேண்டும். தேனீக்கள் நலமாயிருக்க, அறைக்குள் புழு தலை நிமிர்ந்தவாறு இறந்து, ஊசியால் தூக்கினால் நீர் நிறைந்த பை போலத் தொங்குமாயின், அது சாக்புரூட். தேனும் இல்லை, புழுவும் இல்லை, மெழுகு அந்துப்பூச்சியின் நூலாம்படை மட்டும் எஞ்சியிருந்தால் அக்குடும்பம் பசியாலோ எறும்புத் தொல்லையாலோ ஓடிப்போயிற்று. இந்தியத் தேனீ எளிதில் குடிபெயரும் இனம். ரப்பர்ப் பருவம் முடிந்து மழை பிடிக்கும் மாதங்களில் சர்க்கரைப் பாகு ஊட்டாத பெட்டிகளில் இதனை அடிக்கடி காணலாம்.

நஞ்சைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். இமிடாக்குளோபிரிட் போன்ற மருந்துகள் செடியின் சாற்றிலேயே கலந்து, மகரந்தம்வரை செல்லக்கூடியவை. 2012இல் பிரான்சு நாட்டில் தேனீயின் முதுகில் சிறு அடையாளக் கருவி ஒட்டிச் சோதித்தனர். இவ்வகை மருந்தொன்றைக் கொல்லாத அளவில் உண்ட தேனீக்களுள் பல கூட்டுக்குத் திரும்பவில்லை. 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் இவ்வகையுள் மூன்றனைத் திறந்த வயலில் பயன்படுத்தத் தடை விதித்தது. நம் நாட்டில் அவை கடைகளில் கிடைக்கின்றன. புழுவும் பூச்சியும் தாக்கும்போது மருந்தே தொடாதீர் என்று உழவரிடம் சொல்லுதல் நியாயமாகாது. பூத்த பயிரில் தெளிப்பதைத் தவிர்க்கலாம். தவிர்க்க இயலாதபோது, தேனீ கூடடைந்தபின் மாலையில் தெளிக்கலாம். காலை எட்டு மணிக்குத் தெளிப்பதற்கும் அந்தி சாய்ந்தபின் தெளிப்பதற்கும் செலவு ஒன்றே.

பஞ்சாயத்து செய்யக்கூடியதும் உண்டு. இன்ன பகுதியில் இன்ன நாள் மருந்து தெளிக்கப்படும் என்று முதல் நாளே ஒலிபெருக்கியில் அறிவித்தால், பெட்டி வைத்திருப்போர் அதனை அப்புறப்படுத்த வழி கிடைக்கும். புறம்போக்கு நிலத்தில் மரம் நடும்போது புங்கு, வேம்பு, நாவல் என்று பூக்கும் மரங்களைத் தேர்ந்தெடுக்கலாம். வெளியூரிலிருந்து வாங்கிய பெட்டியைப் பழைய பெட்டிகளின் அருகே வையாமல், சில வாரம் ஒதுக்கி வைத்து, புழு அறையைத் திறந்து பார்த்தபின் சேர்க்குமாறு ஊராருக்கு எடுத்துச் சொல்லலாம். நோய் ஐயம் தோன்றினால், அடையைக் கையில் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் காட்டித் திரிய வேண்டா. வேளாண்மை அலுவலரைப் பெட்டி இருக்கும் இடத்துக்கே அழைத்து வருவோம்.